ராஜராஜனே சொன்னதைக் கொஞ்சம் கேளுங்கள்

கல்வெட்டுப் படிப்பதுதான் என் தொழில் என்று தெரிந்ததும் பலர் கேட்பது, "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?" விழும். காலையிலோ மாலையிலோ போனால் யாரும் பார்க்கலாம். மார்கழியில் உச்சிவேளையிலேயே வடபக்கம் விழும். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் கதைதான். சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது.

சரி, இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்' கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் சொந்தப் பேச்சு அதே விமானத்தின் சுவரில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்துக்குக் கொடுத்த செப்புக்குடம் 3,083 பலம் எடை. அதற்குப் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடாத கணக்கு! கோயிலின் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் கொன்றான், இல்லை ராஜராஜனே கொன்றான் என்று தினம் ஒரு வீடியோ. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்கள் நிலங்களும் அவர்களுடைய உறவினர் நிலங்களும் பறிமுதலானதைச் சொல்கிறது. ஏவியது யார் என்று ஒரு வரி கிடையாது. வீடியோக்காரர்கள் நிரப்புவது அந்த இடத்தைத்தான்.

அந்த ஒரு சுவரை இடித்திருந்தால் இந்தப் பெயர்களும் போயிருக்கும். திருப்பணி என்ற பெயரில் இப்படிப் போன கல்வெட்டுகள் ஏராளம். சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சி அடித்தால் எழுத்து மழுங்கும். சிமென்ட் பூச்சில் மறையும். பிரித்த கற்களை வரிசை மாற்றி அடுக்கினால் வாசகம் துண்டாகும். கல்வெட்டுக் கல் படிக்கட்டாகக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர்க் கோயிலில் வேலை தொடங்கப்போகிறது என்றால், கல்லில் கை வைக்கும் முன்பே தொல்லியல் துறைக்கு எழுதி மைப்படி (எழுத்தை மை தடவித் தாளில் எடுக்கும் படி) எடுக்கச் சொல்லுங்கள். பிரிக்கும் கற்களுக்கு வரிசை எண் போடச் சொல்லுங்கள். அதுவரை நீங்களே போட்டோ எடுக்கலாம். எழுத்து தெரிவதற்காக மாவு, மஞ்சள், எண்ணெய் எதையும் தேய்க்க வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலே பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும்.