மரகதமும் எமரால்டும் ஒரே சொல்

2017 ஜூன் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு மோதிரம் சுமார் 55 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதன் நடுவில் எட்டு மூலைப் பட்டை தீட்டிய கொலம்பியப் பச்சைக்கல், அருகில் வைரங்கள். கல்லின் எடை 18.04 கேரட். நம் கணக்கில் மூன்றரை கிராமுக்குச் சற்று மேல்; அரைப் பவுன்கூட வராது. கேரட்டுக்கு 3 லட்சத்து 5 ஆயிரம் டாலர் என்பது அன்றுவரை எந்த மரகதமும் தொடாத விலை. அமெரிக்கச் செல்வந்தர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் 1930இல் தம் மனைவி ஆபிக்கு வாங்கிக் கொடுத்த புரூச்சில், அதாவது உடையில் குத்தும் அணியில், இருந்த கல் அது. ஆபி 1948இல் மறைந்த பின் கல்லைக் கழற்றி மோதிரத்தில் பதித்தார்கள்.

இப்படி ஒரு நகையைப் பற்றித் தமிழில் எழுத வரும்போது பலரும் 'விண்டேஜ் எமரால்டு டயமண்ட் ரிங்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. இந்த நான்கு சொற்களில் மூன்றுக்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது. அந்த மூன்றில் எமரால்டு என்பதோ மரகதத்தின் உடன்பிறப்பு.

இந்த இரண்டு பெயர்களுக்கும் மூலம் மேற்காசியாவில் இருக்கிறது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. எபிரேயத்தில் பாரேகெத் ஒரு மணியின் பெயர். பாராக் என்றால் மின்னல். அரபியிலும் மின்னல் பர்க்தான். மின்னுவதைக் குறிக்கும் அந்த வேரிலிருந்து வந்த சொல்லைக் கிரேக்கர் ஸ்மராக்தோஸ் என்றார்கள். அது மேற்கே போய் இலத்தீனில் ஸ்மராக்தஸ் ஆயிற்று. மக்கள் பேச்சில் தேய்ந்து, பழைய பிரெஞ்சில் எஸ்மெரோட் ஆகி, ஆங்கிலத்தில் எமரால்டு என நின்றது. கிழக்கே வந்த கிளை வடமொழியில் மரகத என்றும் தமிழில் மரகதம் என்றும் ஆனது. பாரசீகத்தின் சுமுர்ருத் என்ற பெயரும் இந்தக் குடும்பம்தான். தாய்லாந்துக்காரர்கள் இன்றும் மொரகோட் என்கிறார்கள். அது நம் மரகதத்தின் மறு உச்சரிப்பு. ஆகவே 'எமரால்டுக்குத் தமிழ் என்ன?' என்று கேட்பவர், கிழக்கே வந்த கிளையைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே போன கிளையைக் கடன் கேட்கிறார்.

மரகதம் தனித்தமிழ்ச் சொல் அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. வந்த சொல்தான். ஆனால் வந்து எத்தனை நூற்றாண்டு! சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் 'மரகத மணியொடு வயிரம் குயிற்றி' என்று ஓர் அடி வருகிறது. புகார் நகரத்து மாளிகைகளின் வாயில் திண்ணையை வருணிக்கும் இடம். மரகதமும் வைரமும் சேர்ந்த வேலைப்பாடு, அதைச் சொல்லக் குயிற்றுதல் என்ற வினை: மணியைப் பதித்து இழைப்பது. நகையைப் பற்றி எழுதுகிறவர்கள் மீட்டெடுக்க வேண்டிய வினை இது.

அதே காப்பியத்தில் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும் ஊர்காண் காதை இன்னும் நுட்பமானது. அங்கே மரகதம் பெயர் சொல்லப்படாமல், 'ஏகையும் மாலையும் இருளொடு துறந்த பாசார் மேனிப் பசுங்கதிர் ஒளியவும்' என்று இலக்கணத்தாலேயே சுட்டப்படுகிறது. ஏகை என்றால் கோடு, கீற்று. இருள் என்றால் ஒளி மங்கிய கருமை. இந்தக் குற்றங்கள் நீங்கிய, பசுமை நிறைந்த உடலும் பசுங்கதிரும் கொண்ட கல். அதற்கு முந்தைய அடிகள் வைரத்துக்கும் குற்றப் பட்டியல் தருகின்றன: காக்கைக்கால் போன்ற காகபாதம், களங்கம், புள்ளியாகிய விந்து, ஏகை. இன்றைய ஏலப் பட்டியல்களில் கல்லின் உள்ளே தெரியும் கீற்றுகளைப் பற்றித் தனிக் குறிப்பு இருக்கும். மரகதத்தில் அவை அதிகம். வணிகர்கள் அவற்றுக்குப் பிரெஞ்சு மொழியில் தோட்டம் என்று பொருள்படும் ழார்தேன் என்ற செல்லப் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்கு ஏகை இருக்கிறது. இரண்டே எழுத்தில் நாவில் நிற்கும் சொல். பெரும்பாலான மரகதங்களின் ஏகைகளில் எண்ணெய் ஏற்றி அவற்றை மறைப்பது வணிகத்தில் வழக்கம். ராக்பெல்லர் கல் எண்ணெய் ஏற்றாமலே தெளிவாக இருந்ததுதான் அந்த விலைக்கு ஒரு பெருங்காரணம்.

பச்சைக்கல் என்று சொன்னால் போதாதா? வீட்டுப் பேச்சுக்குப் போதும். ஆனால் நகைக்கடையில் பச்சைக்கல் என்பது நிறத்தின் பெயர். பச்சைக் கண்ணாடியும் அதில் அடங்கிவிடும். மரகதம் என்பது பெரில் என்ற கனிமத்தில், குரோமியமோ வனேடியமோ கலந்து பசுமையேறிய வகை. இந்தத் துல்லியம் பிற்காலத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்கர்கள் ஸ்மராக்தோஸ் என்ற பெயரைப் பல பச்சைக் கற்களுக்கும் வழங்கினார்கள். பாங்காக்கின் மரகத புத்தர் சிலையும் வேறொரு பச்சைக்கல்லில் ஆனது. பழைய நூலிலோ கோயில் வழக்கிலோ மரகதம் என்று வந்தால் அந்த அகன்ற பொருளையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

இங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு குறுக்குத்தடம் உண்டு. பெரில் என்ற சொல் போன திசை நேர் எதிரானது. பாலியில் வேளுரிய, வடமொழியில் வைடூரிய என வழங்கிய இந்தியச் சொல் கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆகி, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. கொங்கு நாட்டில் காங்கேயத்துக்கு அருகே படியூரில் கடல்நீல நிறப் பெரில் கிடைத்ததை நினைத்தால் அந்தப் பயணம் இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. கல்லினத்தின் பெயர் இங்கிருந்து அங்கே போனது. அதன் பச்சை வகையின் பெயர் அங்கிருந்து இங்கே வந்தது. நாமோ வைடூரியம் என்ற பெயரை இன்று பூனைக்கண் கல்லுக்குக் கொடுத்துவிட்டோம்.

வைரம் எளிது. வடமொழி வஜ்ரம் பிராகிருதத்தில் வைர என்றாகி, தமிழில் வயிரம், வைரம் என வந்தது. 'வைரம் பாய்ந்த மரம்' என்று நாம் சொல்லும்போது அந்தக் கடினம் கல்லை விட்டு மரத்துக்கும் போய்விடுகிறது.

மோதிரத்துக்கு ஆழி என்றும் பெயர். அனுமன் சீதைக்குக் காட்டியதைக் கம்பர் ஆழி என்கிறார். கணையாழியில் இருப்பதும் அதே ஆழிதான். ஏலம் என்ற சொல் போர்த்துகீசிய லெய்லாவ் வழி வந்தது. மலையாளத்தின் லேலம் அந்த முதல் லகரத்தை இன்னும் வைத்திருக்கிறது.

இடறுவது விண்டேஜ் ஒன்றுதான். இலத்தீனில் விண்டேமியா என்றால் திராட்சை அறுவடை. இன்ன ஆண்டு அறுத்த பழத்தின் மது என்று குறித்ததிலிருந்து, இன்ன காலத்துப் பொருள் என்ற பொருள் கிளைத்தது. நகை வணிகத்தில் நூறாண்டு கடந்ததை ஆன்டிக் என்றும், அதற்குள் இருக்கும் பழைய நகையை விண்டேஜ் என்றும் பிரிப்பார்கள். ஆகவே 'பழங்கால' என்று பெயர்த்தால் பிழை. 'பழைய' என்றாலோ நம் ஊரில் மாற்றிக்கொள்ளக் கொடுக்கும் தங்கம் நினைவுக்கு வரும். 'முன்தலைமுறை' பொருந்தும். ஆண்டு தெரிந்தால் ஆண்டையே எழுதுவது அதைவிடச் சிறப்பு; அந்தச் சொல் பிறந்ததே ஆண்டைச் சொல்லத்தானே.

இன்னொரு எச்சரிக்கை: 'எமரால்டு கட் டயமண்ட்' என்று இருந்தால் அதில் மரகதமே கிடையாது. எளிதில் சிதையும் மரகதத்துக்காக மூலைகளை மழுக்கி அமைத்த எண்கோணப் பட்டையில் தீட்டிய வைரம் அது. 'எண்கோணப் பட்டை வைரம்' என்று எழுதினால் வாங்குகிறவர் ஏமாற மாட்டார்.

அந்த நியூயார்க் மோதிரத்தைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: 1930இல் வாங்கிய கொலம்பிய மரகதம், 18.04 கேரட், எண்கோணப் பட்டை, எண்ணெய் ஏற்றாதது. வைரத்தோடு குயிற்றிய மோதிரம்.