தெருவிளக்கு மிச்சம்: கம்பத்தை விட்டுவிட்டு பெட்டியைப் பாருங்கள்

சிறு நகரத்தில் ஸ்மார்ட் தெருவிளக்கு என்றாலே கம்பத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை என்றுதான் பேச்சு தொடங்குகிறது. யூனிட் மிச்சமாகும் இடம் பெரும்பாலும் அதுவல்ல.

250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்துச் சுமார் 280 வாட் இழுக்கும். இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் 3 யூனிட்டுக்குச் சற்று மேல். அங்கே 100 வாட் எல்இடி போட்டால் 1.1 யூனிட். இரவு 11 முதல் காலை 5 வரை பாதி வாட்டில் ஓட்டினால் இன்னொரு 0.3 யூனிட் குறையும். சந்தில் தொங்கும் 20 வாட் விளக்கிலோ அந்தக் குறைவு வெறும் 0.06. அதற்கென மாட்டிய கருவி நாள் முழுக்க ஒரு வாட் இழுத்தாலே 0.024 யூனிட்டைத் தின்றுவிடும்.

ஆகவே முதல் செலவு, ஒரு வரிசை விளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் மின்பெட்டிக்கு: மீட்டர், ஃபேஸுக்கு ஒரு கன்டாக்டர் (டைமர் சொல்கிறபடி விளக்குகளை ஏற்றி அணைக்கும் சுவிட்ச்), எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே இறங்கும் சுவிட்ச்), சிம் போட்ட மோடம், ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து அன்றாடம் சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிடும் டைமர். டைமரின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பிசகினால் நடுப்பகலில் விளக்கு எரியும். 100 வாட் விளக்கு 40 உள்ள ஒரு பெட்டி, ஒரு பகல் 13 மணி நேரம் எரிந்தால் 52 யூனிட் போச்சு. அந்த 40 விளக்கையும் நான்கு இரவுக்கு மேல் மங்கலாக்கிச் சேர்த்தது அத்தனையும் ஒரே பகலில் காலி.

பகலில் எரிவதற்கு இன்னொரு காரணம் கன்டாக்டர். எல்இடிக்கு ஏற்ற மின்சாரம் தரும் டிரைவர், உயிர்பெறும் நொடியில் வழக்கமான ஆம்பியரைப்போல் பல மடங்கு இழுக்கும். ஓடும் ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்கிய கன்டாக்டரின் முனைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். திரை ‘ஆஃப்’ என்று சொல்லும், தெருவில் விளக்கு எரியும். மூன்று ஃபேஸையும் சில வினாடி இடைவெளி விட்டு ஏற்றுங்கள். ஆஃப் கட்டளைக்குப் பிறகும் மீட்டரில் ஆம்பியர் ஓடினால் எச்சரிக்கை வரும்படி அமையுங்கள். திரையில் வரும் எத்தனையோ படங்களைவிட இந்த ஓர் எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

பெட்டியில் நியூட்ரல் கம்பியின் இணைப்பு தளர்ந்தால் கதையே வேறு. 230 வோல்ட் விளக்குக்கு, லோடு குறைந்த ஃபேஸில் 400 வோல்ட் நெருங்கும். ஒரே இரவில் வரிசையாக டிரைவர்கள் போகும். அலுமினியக் கேபிளும் செம்புப் பட்டையும் சேரும் இடத்தில் ஈருலோக லக் (இரு உலோகத்தையும் இணைக்கும் முனை) இல்லாவிட்டால் இந்த நிலை வரலாம்.

கம்பத்துக் கருவி பெரிய விளக்குகள் நிற்கும் பிரதான சாலைக்கு ஏற்றது. சாலைச் சந்திப்பையும் பாதசாரிகள் கடக்கும் இடத்தையும் மங்கலாக்க வேண்டாம். விளக்கு ஃபிட்டிங் வாங்கும்போதே கருவியை மாட்டுவதற்கான 7 பின் சாக்கெட் கேளுங்கள். மூடி போட்டு வைத்தால் கருவியைப் பிறகு மாட்டலாம். சாக்கெட் இருந்தும், மங்கலாக்கும் கட்டளையைக் கொண்டுபோகும் டிம்மிங் கம்பிகளை உள்ளே இணைக்காமல் அனுப்புவது உண்டு. 0–10 வோல்ட் சிக்னலால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர் என்றால் சோதனை எளிது: அந்த இரண்டு டிம்மிங் கம்பிகளைச் சேர்த்தால் வெளிச்சம் தணிய வேண்டும், பிரித்தால் முழுதாக வர வேண்டும்.

கருவி பகலிலும் பேச வேண்டுமானால் லைனில் 24 மணி நேரமும் மின்சாரம் இருக்கும். ‘பகல்தானே, சப்ளை இருக்காது’ என்று ஏறும் பழைய பழக்கம் அங்கே உயிரை வாங்கும். பெட்டியில் எம்சிபியை இறக்கிப் பூட்டு, டெஸ்டரால் சோதனை, பிறகுதான் ஏணி.