கால் எங்கே படுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "யாராவது தாண்டி உள்ளே வந்தால் போனுக்கு எச்சரிக்கை வரட்டும் என்று, காவல் கேமராப் படத்தில் மதில்மேல் கோடு போட்டு வைத்தோம். வெளியே நடைபாதையில் போகிறவர்களுக்கெல்லாம் போன் கத்துகிறது. தாண்டாதவர் தாண்டினார் என்று அது எப்படிச் சொல்கிறது?"

படத்தில் அசைவதைச் சுற்றி மென்பொருள் ஒரு கட்டம் போடுகிறது, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதைத் தொடர்கிறது. இதுவரை சரி. தாண்டியதைக் கண்டுபிடிப்பதுதான் அழகு.

கோட்டின் ஒரு முனை அ, மறுமுனை ஆ. அ-வில் நின்று ஆ-வைப் பாருங்கள். வருகிறவர் உங்கள் இடக்கைப் பக்கமா, வலக்கைப் பக்கமா? கை மாறினால் தாண்டிவிட்டார்! இதை ஒரே கணக்கில் சொல்லலாம். அ (100, 400), ஆ (500, 400) என்று வைப்போம். பிக்சல்களை, அதாவது படப்புள்ளிகளை, மேல் இடது மூலையிலிருந்து எண்ணுகிறோம்: முதல் எண் வலப்பக்கம், இரண்டாவது கீழ்நோக்கி. அ-விலிருந்து ஆ 400 வலப்பக்கம், 0 கீழே. ஆளையும் அ-விலிருந்தே அளந்து, குறுக்கே பெருக்கிக் கழிக்கிறோம். ஆள் (300, 350)-இல் இருந்தால் 400 × (350 − 400) − 0 × 200 = −20,000. அடுத்து (300, 430)-க்கு வந்தால் 400 × 30 − 0 × 200 = +12,000. குறி மாறிவிட்டது. அந்த எண், அ, ஆ, ஆள் மூன்றும் சேர்ந்த முக்கோணப் பரப்பின் இரு மடங்கு. பள்ளியில் போட்ட அதே கணக்கு. எந்தக் குறியிலிருந்து எந்தக் குறிக்கு என்பதே உள்ளே வந்தாரா, வெளியே போனாரா என்றும் சொல்லிவிடும்.

கோட்டின் முனையைச் சுற்றிக்கொண்டு போனால்? அப்போது கணக்கைத் திருப்பிப் போடவேண்டும்: ஆளின் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் இணைத்தால், அ-வும் ஆ-வும் அதற்கு இரு பக்கமும் இருக்கின்றனவா? இருந்தால்தான் உண்மையிலேயே வெட்டியது. இந்தச் சமச்சீர் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சரி, ஆளின் 'இடம்' எது? பல மென்பொருள்கள் கட்டத்தின் அடிப்பக்க நடுப்புள்ளியை எடுக்கின்றன, ஏனென்றால் தரையில் படுவது கால்தான். அக்கா வீட்டில் சிக்கல் இங்கேதான். நடைபாதையில் போகிறவரின் காலை மதில் மறைத்துவிடுகிறது. தெரிவது இடுப்புக்கு மேல். அதனால் கட்டத்தின் அடி சரியாக மதிலின் உச்சியில், கோட்டின்மேலேயே உட்காருகிறது. அவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் கட்டம் நாலைந்து பிக்சல் நடுங்கும். குறி மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கோட்டை மதிலிலிருந்து இறக்கி, முற்றத்துத் தரையில் ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே போடுங்கள். கோட்டுக்கு இரு பக்கமும் கால் தெரியவேண்டும். திசையை 'உள்ளே' என்று மட்டும் வையுங்கள். பகலில் வரும் வெர்வெட் குரங்குகளுக்குப் போன் கத்தாமலிருக்க, 'இதைவிடச் சிறியதை விட்டுவிடு' என்று குறைந்தபட்ச உருவ அளவை வைத்தால் போதும். ஆனால் தூரத்து மனிதர் கிட்டத்துக் குரங்களவே தெரிவார், அதைப் பார்த்து வையுங்கள்.

இரவில் திரையில் வெள்ளையாக ஏதோ மிதக்கிறது, ஆவி என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் சிலந்தி இழைதான். அகச்சிவப்பு விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அங்கே தொங்கும் ஒற்றை இழையும் பளீரென்று எரியும். இப்படிப்பட்ட படங்களைக் காட்டிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறவர்கள் மீது எனக்கு மெய்யாகவே கோபம் உண்டு. ஒரு மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

அப்புறம், பகலில் ஒரு தடவை, விளக்கணைத்தபின் ஒரு தடவை, நீங்களே அந்தக் கோட்டைத் தாண்டி நடந்து பாருங்கள்.