செலிபிரிட்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பாம்பன், மண்டபம் பக்கம் திருவிழாக் கச்சேரி நோட்டீஸில் 'பிரபல பாடகர்' என்று போடுவது வழக்கம். இப்போது மேடையில் அறிவிப்பவர்கள் 'செலிபிரிட்டி சிங்கர்' என்கிறார்கள். மேடையில் பாடுகிறவன் என்பதால் இரண்டு சொல்லும் என் மீதும் விழுகின்றன.

'செலிபிரிட்டி' லத்தீனில் பிறந்த சொல். 'செலெபர்' என்றால் ஆள் நடமாட்டம் மிகுந்த, கூட்டம் மொய்க்கிற என்று பொருள். 'செலெப்ரிதாஸ்' என்பது கூட்டம். பிறகு பேரும் புகழும். இடத்துக்கும் விழாவுக்கும் நன்றாகப் பொருந்திய சொல் அது. ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையைப் பார்த்தால் எந்த ரோமானியரும் தயங்காமல் 'செலெபர்' என்றிருப்பார். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில்தான் ஓர் ஆளைக் குறிக்கும் பெயராக அது நிலைத்தது. ஆக, வந்து கூடியவர்களைப் பற்றிய சொல் இது. பாட்டு எப்படி இருந்தது என்பதற்கு இதில் இடமே இல்லை.

'பிரபலம்' வடமொழி, 'மிகுந்த வலிமை' என்பது மூலப் பொருள். தமிழில் 'பலரும் அறிந்த' என்றாகி, பத்திரிகைகளில் 'சினிமா பிரபலம்' என ஆளாகவே மாறிவிட்டது. மனிதருக்கு அஃறிணைப் பெயரை வைத்துவிட்டு 'பிரபலம் வந்தார்' என்று உயர்திணையில் முடிக்கிறோம். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: இசை. ஒலி, பாட்டு, இணக்கம், புகழ் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 'ஈதல் இசைபட வாழ்தல்' என்று குறள் சொல்லும்போது அந்த இசை புகழைத்தான் குறிக்கிறது. அதே அதிகாரத்தில் 'வசை' அதற்கு எதிர்ச்சொல்லாக வருகிறது. கொடுத்ததற்காக, செய்ததற்காக நாலு பேர் சொல்லும் நல்ல சொல்லே இசை. செயல் முதலில், பேச்சு பிறகு. செலிபிரிட்டி என்ற சொல்லில் கூட்டம் மட்டும் போதும்.

கலைஞனுக்கு இந்த வேறுபாடு பெரியது. கூட்டம் கைதட்டிய பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கும். அந்தச் சந்தோஷத்திலேயே இருந்துவிட்டால் புதுசாக ஒரு மெட்டை முயல்கிற துணிச்சல் போய்விடும். அப்புறம் மேடையில் நிற்பது நானா, என் போஸ்டரா என்ற குழப்பம் வரும். எங்கள் கரையின் அம்பாப் பாட்டை நினைத்துப் பாருங்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். கை வலிக்கிற நேரத்தில் அங்கேயே புது வரி கட்டுவார்கள். அதைக் கட்டியவர் பேர் யாருக்கும் தெரியாது, ஆனால் படைப்பு என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

பேர் வேண்டாம் என்பதில்லை. நம் இசை மரபில் அடையாளம் ஊரிலிருந்து வந்தது. மிருதங்க வித்வான் முருகபூபதிக்கு முன்னால் ராமநாதபுரம் நிற்கும். ராமநாதபுரத்தில் பிறந்த ஈ.எம். ஹனிபாவுக்கு நாகூர் முன்னொட்டாகி, 'இசைமுரசு' பட்டமானது. எங்கிருந்து வந்தார், எதைச் செய்தார் என்பது பேரிலேயே தெரிந்துவிடும்.

சரி, செலிபிரிட்டிக்கு என்ன எழுதலாம்? 'பேராளர்' பொருந்தாது, மாநாட்டுக்கு வரும் பிரதிநிதியைக் குறிக்க அது நிலைபெற்றுவிட்டது. 'நட்சத்திரம்' சினிமாவோடு ஒட்டிக்கொண்டது. பலருக்கும் தெரிந்தவர் என்று மட்டும் சொல்ல 'பேர்பெற்றவர்' போதும், பேச்சிலும் எழுத்திலும் உறுத்தாது. செய்த வேலைக்காக மதிக்கப்படுகிறவரைப் 'புகழாளர்' எனலாம். செலிபிரிட்டி கல்ச்சருக்கு நான் 'பிரபல மோகம்' என்றே எழுதுகிறேன். கச்சேரி நோட்டீஸ் அடிப்பவர்கள் 'பிரபல' என்பதை எடுத்துவிட்டு, பாடகரின் ஊரையும் கூட வாசிப்பவர்களின் பேரையும் வாத்தியத்தையும் போடலாம்.