நட்சத்திரக் குறியைப் பார்த்த பிறகு கருதுகோள் எழுதலாமா?

“டேட்டா எடுத்துட்டேன், இப்ப எந்த டெஸ்ட் போடணும்?” இளங்கலை உளவியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்கு வழிகாட்டும் எனக்கு வருடம் தவறாமல் வருகிற கேள்வி இது. எந்தப் புள்ளியியல் சோதனை என்பது கேள்வித்தாளை அனுப்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டிய விஷயம்.

ஒரு மாணவி தூக்கம், மனஅழுத்தம், தனிமை, தன்மதிப்பு என்று ஏழு அளவுகோல்களை ஒரே கூகுள் ஃபார்மில் போட்டு நண்பர்களிடம் நிரப்பி வாங்கியிருந்தார். ஏழு மாறிகளை ஒன்றோடொன்று பொருத்தித் தொடர்பு பார்த்தால் 21 ஜோடி. அட்டவணையில் ஒரே ஒரு எண்ணின் தலையில் நட்சத்திரக் குறி. “இதையே கருதுகோளா எழுதிடவா?” என்றார். அதாவது, ஆய்வுக்கு முன்பே ஊகித்துச் சோதித்தது போல.

தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வலுவான தொடர்பு தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்வது பி மதிப்பு. அது 0.05-க்குக் கீழே இருந்தால் அந்த நட்சத்திரம் விழும். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், ஒரு சோதனையில் நட்சத்திரம் தற்செயலாக விழ 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றிலாவது விழும் வாய்ப்பு 64 சதவீதம். 21 ஜோடியில் ஒரு நட்சத்திரம் என்பதை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

அனுபவமுள்ள ஆய்வாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவுகள் 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியவை. மறுமுறை அப்படிக் காட்டியவை 36 சதவீதம்தான். காரணங்கள் பல. முடிவைப் பார்த்துவிட்டுக் கருதுகோள் எழுதும் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அதனால் இப்போதெல்லாம் முதலில் ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டுத் தரச் சொல்கிறேன். கருதுகோள் எது, எத்தனை பேர், எந்தச் சோதனை, எப்படிப்பட்ட பதில்களை நீக்குவோம், அவ்வளவுதான். அப்புறம் நாலைந்து பேரை உட்கார வைத்து, கேள்வித்தாளை வாய்விட்டுப் படித்துப் பதில் சொல்லச் சொல்ல வேண்டும். “எனக்குத் தூக்கமும் படிப்பில் கவனமும் குறைந்துவிட்டன” என்று ஒரு வாக்கியம். தூக்கம் மட்டும் கெட்டவர் எதை டிக் செய்வார்? அங்கேயே தயங்கி நிற்பார். அந்தத் தயக்கத்தை எந்த மென்பொருளும் காட்டாது.

தொடர்பு இல்லை என்று வந்தால் மார்க் போய்விடுமோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது எங்கள் வேலை. முறை சரியாக இருந்தால் ‘இல்லை’ என்பதும் முழு மதிப்பெண்ணுக்குரிய முடிவுதான்.

அந்த மாணவி கடைசியில் 21 ஜோடிகளையும் அட்டவணையில் கொடுத்தார். நட்சத்திரம் விழுந்த ஜோடிக்குக் கீழே இப்படி எழுதினார்: “இது தேடும்போது கிடைத்தது. வேறு ஆட்களைக் கொண்ட புதிய மாதிரியில் இன்னும் சோதிக்கப்படவில்லை.”