லேசான இலைச் சுருட்டு என்று ஒன்று இல்லை

"லேசான இலைதான் டாக்டர், புகையை உள்ளே இழுப்பதும் இல்லை." யாங்கோனில் என்னிடம் வாயைக் காட்ட வரும் நம் பெரியவர்கள் வருடக்கணக்காக இதையே சொல்கிறார்கள். போன வாரம் அண்ணமெல்லாம் வெளுத்து, நாக்கடியில் கெட்டியான வெள்ளைத் திட்டோடு வந்த தாத்தாவும் இதைத்தான் சொன்னார். அவரைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

மேலே சுற்றும் இலை ருசியை மாற்றும், சரி. நம் பர்மியச் சுருட்டில் அது புகையிலையே இல்லை; ஷான் மாநிலத்துத் தனபெட் இலை, நறுவிலி இனத்து மரம். இன்லே ஏரிப் பக்கம் உள்ளே புளி, வெல்லம், சோம்பு வாசனை எல்லாம் சேர்ப்பதால் புகை இனிக்கிறது. வெளிநாட்டுச் சுருட்டில் துணிப்பந்தல் நிழலில் வளர்த்த கனெக்டிகட் இலை வெளிறி மிருதுவாக இருக்கும், நீண்ட நாள் புளிக்க வைத்த மதுரோ இலை கறுத்து இனிக்கும். ஆனால் நிகோடின் பெரும்பாலும் உள்ளே அடைத்த இலையிலிருந்துதான் வருகிறது. செடியின் உச்சியில் வெயில் பட்டு வளர்ந்த கடுமையான இலையை அடைத்து, வெளிறிய இலையால் மூடினால் நிறத்தைப் பார்த்து உங்களுக்கு என்ன தெரியும்? தனபெட் இலையில் நிகோடின் இல்லைதான். எரிந்தால் அதிலும் தார் வரும், கார்பன் மோனாக்சைடு வரும்.

"உள்ளே இழுப்பதில்லை" என்பதற்கு வருகிறேன். சிகரெட் புகை அமிலத்தன்மை உள்ளது. அதன் நிகோடின் பெரும்பாலும் நுரையீரல் வழியாகத்தான் ஏறும். புளிக்க வைத்த சுருட்டுப் புகையிலையின் புகை காரத்தன்மை உள்ளது. கன்னத்தின் உட்பக்கம், நாக்கடி வழியாகவே நிகோடின் இரத்தத்தில் கலந்துவிடும். நுரையீரலுக்கு அனுப்பாத புகையை வாயில் தேக்குகிறீர்கள், அவ்வளவுதான். மேல் பல்செட் போட்டவர்களின் அண்ணத்தைப் பார்த்தால் எனக்கு உடனே புரியும்: செட் மூடிய இடம் ரோஜா நிறம், மூடாத இடம் வெளுத்து சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். 1998-லேயே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டுக்கென்று தனி அறிக்கை வெளியிட்டு, வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களை அது உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. ருசி மிருதுவாக இருப்பதால்தான் அணைத்து வைத்த துண்டையே நாளெல்லாம் மறுபடி பற்ற வைக்கிறீர்கள். இடையில் புகையிலை வைத்த கூன்யாவும் (பர்மிய வெற்றிலைப் பாக்கு) மென்றால் இரண்டும் சேர்ந்து வாயைக் கெடுக்கும்.

நிறுத்துங்கள். இலை மாற்றுவதும், சின்னச் சுருட்டுக்குப் போவதும் நிறுத்துவதாகாது. நிறுத்தினால் அண்ணத்து வெளுப்பு பெரும்பாலும் மாறிவிடும். நாக்கடித் திட்டு அப்படியில்லை, பரிசோதித்தே ஆகவேண்டும். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கிப் பாருங்கள். பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தட்டுப்படும் கட்டி எதுவானாலும் வாருங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், தொடக்கத்தில் இது வலிக்காது. தாத்தா பாட்டி வர மறுத்தால், பிள்ளைகளே, கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுங்கள்.