உரிமம்: செயலிக் கடையில் பணம் கொடுத்துப் பெறுவது எது?

பேச்சு வழக்கில் ‘லைசென்ஸ்’ என்று சொல்வதற்கு ஆட்சித் தமிழில் நிலைபெற்ற சொல் உரிமம். ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘லிசேரே’, அதாவது ‘தடையில்லை, செய்யலாம்’ என்பது. அதிலிருந்து பிறந்த ‘லிசென்ஷியா’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இசைவு தருபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற உறவே அந்தச் சொல்லில் இருக்கிறது. பொருள் கைமாறியது என்ற கருத்து அதில் இல்லை.

உரிமத்தின் வேரோ ‘உரி’. உரிய, உரியவர், உரிமை ஆகிய சொற்களுக்கும் அதுவே வேர். ‘அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்ற 72ஆம் குறளில் ‘உரியர்’ என்பதற்குச் சொந்தமானவர் என்று பொருள். இவ்வாறு தமிழ் வேர் சொந்தம் என்ற பக்கம் சாய்ந்திருப்பதால், ‘மென்பொருள் உரிமம் பெற்றீர்கள்’ என்பதைப் படிப்பவர் மென்பொருளே தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. ‘அனுமதி’ என்றே எழுதலாமே என்றால், கேமராவையும் மைக்கையும் செயலி பயன்படுத்த நாம் தரும் இசைவுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்கிவருகிறது. ஆகவே உரிமம் என்ற சொல்லே தக்கது என்பது என் கருத்து. ஆனால் அதை உரிமையோடும் உடைமையோடும் கலந்து எழுதக் கூடாது. பதிப்புரிமை படைத்தவருடையது, உடைமை பொருளை முழுதாகக் கொண்டவருடையது, உரிமம் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்துபவருடையது.

ஆப்பிள் ஆப் ஸ்டோரின் பொது உரிம ஒப்பந்தம், செயலி உரிமமாக வழங்கப்படுகிறது, விற்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் பொத்தானில் நாம் காண்பது ‘வாங்கு’ என்ற சொல்லைத்தான். இந்த முரண் நீதிமன்றங்கள் வரை சென்றிருக்கிறது. 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனம் தொடர்பான வழக்கில், மென்பொருளைப் பெற்றவர் உரிமதாரரே தவிர உடைமையாளர் அல்லர் என்றது. 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ, ஆரக்கிள் என்ற மற்றொரு மென்பொருள் நிறுவனம் தொடர்பான வழக்கில், விலை பெற்றுக்கொண்டு கால வரம்பின்றிப் பயன்படுத்த உரிமம் தந்தால் அது விற்பனையே என்றும், அந்த நகலை மறுவிற்பனை செய்யலாம் என்றும் கூறியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாக அறிவிக்காமல் இணையத்தில் விற்கும் டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று எழுதுவதைச் சட்டம் தடுக்கிறது.

உரிமம் எதனோடு பிணைந்திருக்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மென்பொருளை உருவாக்கியவரிடமே நேரில் வாங்கினால் பெரும்பாலும் ஒரு தொடர் எண்ணோ, மென்பொருளை இயங்கச் செய்யும் குறியீடான செயலாக்கச் சாவியோ கிடைக்கும். எத்தனை கணினிகளில் நிறுவலாம் என்ற எண்ணிக்கையும் அதிலேயே அடங்கும். செயலிக் கடையில் சாவி எதுவும் தரப்படுவதில்லை. உரிமம் வாங்கியவரின் கணக்கோடு பிணைந்திருக்கும். ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான மேக் ஆப் ஸ்டோரில் வாங்கிய செயலியின் தொகுப்பைத் திறந்து பார்த்தால், கடை கையொப்பமிட்ட பற்றுச்சீட்டுக் கோப்பு ஒன்று உள்ளே இருக்கும். செயலி தொடங்கும்போது அந்தக் கையொப்பத்தையும், அந்தக் கணினியின் அடையாளத்தைக் கொண்டு கணக்கிட்ட மதிப்பையும் சரிபார்த்துக்கொள்ளலாம். செயலியை அப்படியே வேறு கணினிக்குப் படியெடுத்தால் இந்த மதிப்பு பொருந்தாது. அப்போது செயலி 173 என்ற எண்ணோடு வெளியேறி, சரியான பற்றுச்சீட்டு வேண்டும் என்று இயங்குதளத்துக்கு உணர்த்தும் முறை பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது. கடையில் வாங்கிய உரிமம் நேரடி விற்பனைப் பதிப்புக்குச் செல்லாமல் போவதற்கும் காரணம் இதுவே; இரண்டும் ஒரே மென்பொருளானாலும் சரிபார்க்கும் வழிகள் வேறு. இரண்டையும் ஏற்கும் படைப்பாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது அவர்கள் விருப்பம்.

‘இன்ஸ்டால்’ என்பதற்கு ஈடான நிறுவல் பொருத்தமாக அமைந்த சொல். திருச்சபையில் பதவி ஏற்பவரை அவருக்குரிய இருக்கையில் அமர்த்துவதைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லே ஆங்கிலச் சொல்லுக்கு மூலம். நிலைபெறச் செய்வது என்று பொருள்படும் ‘நிறுவு’ என்பதும் ‘நில்’ என்ற வேரின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிறுவலை நீக்கினாலும் உரிமம் நீங்காது; அதே கணக்கில் நுழைந்து, கடையில் செயலி இருக்கும்வரை, மீண்டும் பணம் தராமல் நிறுவிக்கொள்ளலாம். அலுவலகங்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தம்முடைய எல்லாக் கணினிகளிலும் நிறுவ இடம் தரும் ஒப்பந்தம், நிறுவனப் பயன்பாட்டுக்கு ஆளுக்கு ஒன்று என்ற கணக்கையே வைத்திருக்கலாம்.

உரிமம் கடையையும் கட்டுப்படுத்தும். காணொளிகளைப் பார்க்க உதவும் விஎல்சி என்ற மென்பொருளின் ஐபோன் செயலி இலவசமாகவே கிடைத்தது. ஆனாலும் அதன் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம், பெறுபவர் மீது கூடுதல் கட்டுப்பாடு எதையும் சுமத்தக் கூடாது என்கிறது. கடையின் விதிகள் அத்தகைய கட்டுப்பாடுகளைச் சுமத்துகின்றன என்று அதன் படைப்பாளர்களில் ஒருவர் முறையிட, 2011 ஜனவரியில் செயலி கடையிலிருந்து நீக்கப்பட்டது. உரிம விதிகளை மாற்றியமைத்த பிறகே, 2013 ஜூலையில் அது திரும்ப வந்தது.